வீடா? வண்டியா?

நத்தைக்கு ஒரு வசதி உண்டு. போகுமிடமெல்லாம் தன் வீட்டையும் கூடவே கொண்டு செல்கிறது. மனிதனுக்கும் இந்த ஆசை நெடுநாளாக இருந்து வந்திருக்கிறது. அந்த ஆசையின் விளைவுதான் கேம்பர் வேன். முன்புறம் ஓட்டுநரின் இருக்கை. பின்புறம் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அலமாரி, சன்னலுக்குத் திரைச்சீலை. சாவியைத் திருகினால் வீடு புறப்பட்டுவிடும்! இதே வண்டி அளவில் பெரியதாக இருந்தால் அதை மோட்டார் வீடு என்பார்கள்.

ஆனால் நத்தைக்கு இல்லாத ஒரு தொல்லை இந்த வண்டிக்கு உண்டு. நத்தையை எந்தப் போலீஸ்காரரும் வழிமறிப்பதில்லை.

2010-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வெனிஸ் என்னும் கடற்கரைப் பகுதி. ஒரு பெண்மணி தம் மோட்டார் வீட்டை ஓட்டிச் சென்றுகொண்டிருந்தார். திரும்புவதைக் காட்டும் குறிவிளக்கை அணைக்க மறந்துவிட்டார். போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். விஷயம் குறிவிளக்கோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. வண்டியைக் குடியிருப்பாகப் பயன்படுத்துவது இந்நகரில் குற்றம் என்று அவருக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. மறுபடியும் அந்தப் பகுதியில் அந்த வண்டியோடு கண்ணில் பட்டால் கைது செய்யப்படுவார் என்றும் சொல்லப்பட்டது.

வாசகர்களே, சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று வண்டியாகத்தானே இருக்க முடியும்? அது எப்படிக் குடியிருப்பாகும்? குடியிருப்பு என்றால் ஒருவருடைய வீட்டை நடுவழியில் நிறுத்திச் சோதிக்க யாருக்கு உரிமை? வீடா, வண்டியா என்ற இந்தச் சிறிய கேள்விக்குப் பின்னால் 400 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே காணப் போகிறோம்.

கதவைத் தட்டாமல் நுழையாதே

முதலில் வீட்டின் கதை. 1604-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. செமெய்ன் வழக்கு என்பது அதன் பெயர். ஒருவர் கொடுக்க வேண்டிய கடனுக்காக அரசு அதிகாரிகள் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போகலாமா என்பது கேள்வி. ஒவ்வொருவனுக்கும் அவனுடைய வீடே கோட்டை என்று நீதிமன்றம் கூறியது. அரசனின் ஆணையோடு வரும் அதிகாரிகூட முதலில் கதவைத் தட்டி, தான் வந்த காரணத்தைச் சொல்லி, திறக்கும்படி கேட்க வேண்டும் என்றும் விதித்தது. புகழ்பெற்ற சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் இத்தீர்ப்பைத் தொகுத்து எழுதி வைத்தார்.

சொன்ன விதியை அரசர்கள் எப்போதும் மதித்தார்களா? இல்லை. 1762-இல் ஜான் என்டிக் என்னும் எழுத்தாளரின் வீட்டுக்குள் அரசனின் ஆட்கள் புகுந்தார்கள். நான்கு மணி நேரம் பெட்டிகளையும் மேசைகளையும் திறந்து அவருடைய காகிதங்களை அள்ளிச் சென்றார்கள். என்டிக் வழக்குத் தொடுத்தார். இப்படிப் புக எந்தச் சட்டமும் இடம் தரவில்லை என்று 1765-இல் தீர்ப்பு வந்தது.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் அமெரிக்கக் குடியேற்றங்களில் சுங்க அதிகாரிகள் எந்த வீட்டையும் எந்தக் கடையையும் நினைத்தபோது சோதிக்கலாம் என்ற பொது ஆணைகளைக் கையில் வைத்திருந்தார்கள். 1761-இல் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்னும் வழக்கறிஞர் இதை எதிர்த்து மணிக்கணக்கில் வாதாடினார். வழக்கில் தோற்றார், ஆனால் மக்கள் மனத்தில் வென்றார். விடுதலை பெற்ற அமெரிக்கா 1791-இல் தன் அரசியலமைப்பில் சேர்த்த நான்காவது திருத்தம் இந்த அனுபவத்தில் பிறந்ததே. மக்களின் உடல், வீடு, காகிதம், உடைமை ஆகியவற்றைக் காரணமின்றிச் சோதிக்கக் கூடாது. நீதிபதியிடம் தக்க காரணம் காட்டி வாரண்டு பெற வேண்டும் என்பது அதன் சாரம்.

வீட்டுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு கிடைத்தது. வண்டிக்கு?

மிதிவண்டியில் வந்த காவலர்

மோட்டார் வண்டியும் போலீஸ்காரரும் தொடக்க காலத்திலேயே சந்தித்துக்கொண்டார்கள். 1896 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் வால்டர் ஆர்னால்டு என்பவர் ஊருக்குள் மோட்டார் ஓட்டினார். அப்போது ஊருக்குள் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 2 மைல். வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து செல்லவும் வேண்டும். ஆர்னால்டு ஓட்டிய வேகமோ மணிக்கு 8 மைல்! ஒரு காவலர் மிதிவண்டியில் ஏறித் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். வேகத்துக்காக விதிக்கப்பட்ட அபராதம் 1 ஷில்லிங். அதிவேகத்துக்காகத் தண்டனை பெற்ற முதல் மோட்டார் ஓட்டி என்று அவர் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது.

இது வேடிக்கையான நிகழ்ச்சி. அடுத்து நடந்தது அவ்வளவு வேடிக்கையானது அல்ல. 1920-இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மதுவிலக்கு நமக்குப் புதிய சொல் அல்ல. 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய கதை நம் பெரியவர்களுக்குத் தெரியும். மது எங்கே தடுக்கப்படுகிறதோ அங்கே கடத்தலும் தொடங்கிவிடுகிறது. அமெரிக்கக் கடத்தல்காரர்களுக்குப் புதிதாகக் கிடைத்த கருவி மோட்டார் கார்.

1921 டிசம்பரில் டெட்ராய்ட் நகருக்கும் கிராண்ட் ராப்பிட்ஸ் நகருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் மதுவிலக்கு அதிகாரிகள் ஓர் ஓல்ட்ஸ்மொபைல் காரைக் கண்டார்கள். அதில் இருந்தவர்கள் கரோல், கைரோ என்ற இருவர். சில வாரங்களுக்கு முன் மது வாங்குபவர்களைப் போல நடித்து இவர்களிடம் பேசிப் பார்த்தவர்கள் அதே அதிகாரிகள். காரை நிறுத்தினார்கள். இருக்கையைத் தட்டிப் பார்த்தபோது அது மெத்தையைப் போல மெத்தென்று இல்லை, கெட்டியாக இருந்தது. உறையைக் கிழித்தார்கள். உள்ளே 68 மது பாட்டில்கள்! வாரண்டு ஏதும் அவர்களிடம் இல்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1925 மார்ச்சில் தலைமை நீதிபதி டாஃப்ட் தீர்ப்பு எழுதினார். அவருடைய வாதம் எளிமையானது. வீடு நின்ற இடத்தில் நிற்கும். அதிகாரி நீதிபதியிடம் போய் வாரண்டு வாங்கி வரும் வரை அது எங்கும் ஓடிவிடாது. காரோ அதற்குள் எல்லை தாண்டிவிடும். 1789-இல் இயற்றப்பட்ட சுங்கச் சட்டமே கப்பல்களை வாரண்டு இல்லாமல் சோதிக்க அனுமதித்திருந்ததையும் அவர் எடுத்துக் காட்டினார். எனவே, உள்ளே சட்டவிரோதப் பொருள் இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்தால் போதும். ஓடும் வண்டியைச் சோதிக்க வாரண்டு தேவையில்லை என்று தீர்ப்பாயிற்று. 1933-இல் மதுவிலக்கு போய்விட்டது. இந்த விதி போகவில்லை. மோட்டார் விதிவிலக்கு என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

ஆக, சட்டத்தின் கையில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் 'வீடு' என்று எழுதியிருக்கிறது, மற்றொன்றில் 'வண்டி'. இனி இரண்டிலும் பொருந்தாத ஒன்று சாலையில் வந்தால் என்ன செய்வது?

சக்கரம் ஏறிய வீடு

அது ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. நாடோடி மக்கள் குதிரை வண்டிகளில் குடும்பம் நடத்தியது பழைய கதை. வசதி படைத்தவர்களுக்கும் அந்த ஆசை பிறந்தது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் 1885-இல் தமக்கென ஒரு வீட்டு வண்டி கட்டுவித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வாண்டரர்', அதாவது ஊர்சுற்றி. இரண்டு குதிரைகள் அதை இழுத்தன. அவருடைய பணியாள் முச்சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று வழியில் மேடு பள்ளம் உண்டா, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்வாராம்!

1915 முதல் சில ஆண்டுகள் தாமஸ் எடிசன், ஹென்றி ஃபோர்டு, டயர் தயாரித்த ஃபயர்ஸ்டோன் ஆகியோர் கோடைதோறும் மோட்டார்களில் கூடாரப் பயணம் போனார்கள். சமையலுக்குத் தனி லாரியே உடன் சென்றது. செல்வர்களுக்கு இது பொழுதுபோக்கு. 1930-களின் பெரும் பொருளாதார மந்தத்திலோ, வேலையும் வீடும் இழந்த குடும்பங்கள் பல இழுவை வண்டிகளிலேயே வாழ நேர்ந்தது. சக்கர வீட்டுக்கு இப்படி இரு முகங்கள்: விடுமுறைக்காரரின் முகம் ஒன்று, வேறு வழியற்றவரின் முகம் மற்றொன்று. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேம்பர் வேன் என்றதும் பலர் கண்முன் வருவது ஃபோக்ஸ்வாகன் வேன். 1947 ஏப்ரலில் ஹாலந்து நாட்டு வணிகர் பென் பான் ஒரு குறிப்பேட்டில் பெட்டி போன்ற ஒரு வண்டியை வரைந்து காட்டினார். எந்திரம் பின்புறம், ஓட்டுநர் முன்புறம், நடுவில் வெற்றிடம். 1950 மார்ச்சில் அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அந்த வெற்றிடத்தில்தான் விஷயம் இருக்கிறது. எந்திரம் பின்னால் ஒதுங்கிக்கொண்டதால் நடுப்பகுதி ஓர் அறையைப் போல அமைந்தது. 1951-இல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அந்த அறையில் பொருத்தவும் கழற்றவும் கூடிய அலமாரியையும் படுக்கையாக மாறும் இருக்கையையும் அமைத்துக் கொடுத்தது. அமெரிக்காவில் 1966-இல் வின்னபாகோ நிறுவனம் மோட்டார் வீடுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. சக்கர வீடு நடுத்தரக் குடும்பங்களின் கைக்கும் வந்து சேர்ந்தது.

திரை போட்ட சன்னல்

1979 மே மாதம். கலிபோர்னியாவின் சான் டியாகோ நகர மையத்தில் ஒரு மோட்டார் வீடு நிறுத்தப்பட்டிருந்தது. அதன் உரிமையாளர் பெயர் கார்னி. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் அந்த வண்டியைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இளைஞன் உள்ளே சென்றான். முன்கண்ணாடி உட்பட எல்லாச் சன்னல்களுக்கும் திரை விழுந்தது. ஒன்றேகால் மணி நேரம் கழித்து அவன் வெளியே வந்தான். அதிகாரிகள் விசாரித்தபோது தனக்கு உள்ளே கஞ்சா கிடைத்ததாகச் சொன்னான். அவனையே திரும்பப் போய்க் கதவைத் தட்டச் சொன்னார்கள். கார்னி வெளியே வந்தார். அதிகாரி ஒருவர் வாரண்டும் இல்லாமல் சம்மதமும் பெறாமல் உள்ளே ஏறினார். மேசைமேல் கஞ்சாவும் பைகளும் தராசும் இருந்தன.

கார்னி செய்தது சரியா என்பதல்ல கேள்வி. அதிகாரி ஏறியது வண்டியிலா, வீட்டிலா என்பதே கேள்வி.

கலிபோர்னிய மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் இது வீட்டைப் போன்றது. வாரண்டு வேண்டும் என்றது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1985 மே 13-ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம். மூவர் மறு பக்கம். தலைமை நீதிபதி பர்கர் பெரும்பான்மைக்காக எழுதினார். சாவியைத் திருகினால் நகர்ந்துவிடும் தன்மை இதற்கு இருக்கிறது. உரிமம், பதிவு, சோதனை என்று சாலையில் ஓடும் எதுவும் அரசின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டதாகையால், வீட்டில் எதிர்பார்க்கும் அளவுக்கு அந்தரங்கத்தை இதில் எதிர்பார்க்க முடியாது. ஆகவே இது வண்டியே என்பது அவர் முடிவு.

நீதிபதி ஸ்டீவன்ஸ் மாறுபட்டார். பிரென்னன், மார்ஷல் இருவரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை, நிறுத்துமிடத்தில் நின்றது. சில தெருக்கள் தள்ளி நீதிமன்றம் இருந்தது. வாரண்டு தர அங்கே நீதிபதிகள் பலர் இருந்தார்கள். உள்ளே படுக்கையும் குளிர்ப்பெட்டியும் திரைச்சீலையும் வைத்துக்கொண்டிருப்பவர் அதை வீடாகத்தானே நினைக்கிறார் என்பது அவர் வாதம். இன்னொன்றையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். டாஃப்ட் காலத்தில் வாரண்டு வாங்க நேரில் போக வேண்டியிருந்தது. 1977 முதலே அமெரிக்கக் கூட்டரசு விதிகள் தொலைபேசி வழியாக வாரண்டு பெற இடம் தந்திருந்தன. வண்டி விரைவாக ஓடுவது உண்மை. ஆனால் செய்தி அதைவிட விரைவாக ஓடுமே!

பர்கரின் தீர்ப்பில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. வீடாகவே நிலைபெற்றுவிட்ட மோட்டார் வீட்டைப் பற்றி இப்போது முடிவு கூறவில்லை என்கிறது அக்குறிப்பு. அதை எப்படி அறிவது? எங்கே நிற்கிறது? கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறதா? வண்டிக்கான உரிமம் உண்டா? மின்சாரமும் தண்ணீரும் இணைக்கப்பட்டிருக்கின்றனவா? பொதுச் சாலைக்கு எளிதாக ஏற முடியுமா? இவற்றைப் பார்க்க வேண்டுமாம். காலையில் மின்கம்பியைச் செருகினால் வீடு, மாலையில் பிடுங்கினால் வண்டி என்று ஆகிவிடும் போலிருக்கிறது!

சோதிப்பதற்கு முன் நிறுத்த வேண்டுமே, அதற்கு என்ன விதி? 1979 மார்ச்சிலேயே இன்னொரு வழக்கில், சந்தேகம் ஏதுமின்றி உரிமம் பார்ப்பதற்காக மட்டும் வழியில் போகும் வண்டியை மனம்போல நிறுத்தக் கூடாது என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. ஆனால் 1996-இல் வந்த தீர்ப்பு இந்தப் பாதுகாப்பைப் பெரிதும் தளர்த்திவிட்டது. சிறு போக்குவரத்துத் தவறு ஒன்று நடந்திருந்தால் போதும். அதிகாரியின் உள்நோக்கம் எதுவாயினும் நிறுத்தியது செல்லும் என்றது அது. அணைக்க மறந்த குறிவிளக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது விளங்குகிறதா? 2015-இல் ஓர் எல்லை வகுக்கப்பட்டது. போக்குவரத்துத் தவறு பற்றிய வேலை முடிந்த பின், வேறு சந்தேகம் இல்லாமல், மோப்ப நாயைக் கொண்டு சுற்றிப் பார்ப்பதற்காக ஓட்டுநரை ஏழெட்டு நிமிடம் காக்க வைத்ததுகூடத் தவறு என்றது நீதிமன்றம்.

பன்னிரண்டு, ஆறு, ஒன்று

கார்னி தீர்ப்பு வந்து 19 நாள்கள்தான் ஆகியிருந்தன. அட்லாண்டிக் கடலின் மறு கரையில், இங்கிலாந்தில், சக்கர வீடுகள் ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரே நாளில் வழிமறிக்கப்பட்டன.

ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழங்காலக் கல்வட்டத்தின் அருகே 1974 முதல் 1984 வரை ஒவ்வொரு கோடையிலும் ஒரு விழா நடந்து வந்தது. பழைய பேருந்துகளிலும் வேன்களிலும் வாழ்ந்த 'பயணிகள்' பலர் அங்கே கூடுவார்கள். நினைவுச் சின்னம் பழுதுபடுகிறது என்று கூறி 1985-இல் நீதிமன்றத் தடை பெறப்பட்டது. ஜூன் 1-ஆம் நாள் சுமார் 600 பேர் வண்டி வரிசையாக வந்தார்கள். சாலையின் குறுக்கே சரளைக் கல்லைக் கொட்டி வழி அடைக்கப்பட்டிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸார் நின்றார்கள். வண்டிகள் பக்கத்து வயல்களில் இறங்கின. அவற்றில் ஒன்று அவரை வயல். போலீஸார் வண்டிகளின் கண்ணாடிகளை உடைத்து ஆட்களை வெளியே இழுத்தார்கள். 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அங்கே நொறுங்கியவை வண்டிகள் மட்டுமா? பலருக்கு அவையே வீடு, சமையலறை, குழந்தையின் தொட்டில். அவர்களில் 21 பேருக்கு 1991-இல் நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது. வழக்குச் செலவு அவர்கள் தலையிலேயே விழுந்ததால், கைக்கு வந்தது பெரிதாக ஒன்றுமில்லை.

அதன் பின் வந்த சட்டங்களில் ஓர் எண் சுருங்கிக்கொண்டே போவதைப் பாருங்கள். பிறர் நிலத்தில் தங்க வந்தவர்களை வெளியேறச் சொல்லப் போலீஸாருக்கு அதிகாரம் தந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில், அவர்கள் கொண்டுவந்த வண்டிகளின் எண்ணிக்கை 12 அல்லது அதற்கு மேல் இருப்பது ஒரு காரணமாகும். 1994-இல் அது 6 ஆயிற்று. நாடோடிகளுக்கு உள்ளாட்சிகள் இடம் ஒதுக்க வேண்டும் என்று 1968-இல் விதிக்கப்பட்டிருந்த கடமையும் அதே 1994-இல் நீக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டுச் சட்டமோ ஒரே ஒரு வண்டியுடன் தங்கியிருப்பவருக்கும் பொருந்தும். நிலத்துக்கோ மற்றவர்க்கோ பெரிய கேடோ இடையூறோ நேர்ந்து, போகச் சொல்லியும் போகாவிட்டால் அது குற்றம். வண்டியையும் பறிமுதல் செய்யலாம்.

படுத்திருப்பவர் ஓட்டுநரா?

இங்கே ஒரு சிறு விஞ்ஞானச் செய்தி. பிரிட்டனில் குடித்துவிட்டு ஓட்டுபவரைக் கண்டறிய 1967 அக்டோபரில் மூச்சுச் சோதனை நடைமுறைக்கு வந்தது. காவலர் நீட்டிய கண்ணாடிக் குழாயில் மஞ்சள் நிறப் படிகங்கள் இருக்கும். அவை அமிலம் தோய்ந்த டைக்குரோமேட் உப்பு. மூச்சிலே ஆல்கஹால் இருந்தால் அது ஆக்சிகரணம் அடையும். குரோமியம் மஞ்சள் நிறத்தை இழந்து பச்சையாகும். பச்சை எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதே கணக்கு. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது அன்று வகுத்த எல்லை.

கேம்பர் வேன்காரருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரிட்டிஷ் சட்டப்படி, அளவுக்கு மீறிக் குடித்தவர் பொது இடத்தில் வண்டியை ஓட்டுவது மட்டுமல்ல, வண்டி அவர் பொறுப்பில் இருப்பதும் குற்றம். வேனை ஓரமாக நிறுத்தி, இரவு உணவோடு மது அருந்திவிட்டுப் பின்புறப் படுக்கையில் உறங்குகிறார் ஒருவர். நம் கண்ணுக்கு அவர் வீட்டில் தூங்குபவர். சாவியோ அவர் சட்டைப் பையில்! தட்டி எழுப்பும் காவலரின் கண்ணுக்கு அவர் வண்டியின் பொறுப்பாளர். போதை தெளியும் வரை ஓட்டும் வாய்ப்பே இல்லை என்று காட்டினால் தப்பலாம் என 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வழி விடுகிறது. ஆனால் அதை மெய்ப்பிக்கும் சுமை அவருடையதே என்று 2004-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. செங்கல் வீட்டில் உறங்குபவர் யாருக்கும் இந்தச் சுமை இல்லை.

வேறு வீடு இல்லாதவர்கள்

இனி நாம் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவோம். வெனிஸ் பெண்மணிக்கு எச்சரிக்கை தரப்பட்டது 1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இயற்றிய ஒரு விதியின்படி. தெருவில் நிற்கும் வண்டியைக் குடியிருப்பாகப் பயன்படுத்தக் கூடாது என்பதே விதி. எது குடியிருப்பு என்று அது சொல்லவில்லை. வண்டியில் போர்வை இருந்தால் போதுமா? மாற்றுத்துணி இருந்தால்? தின்பண்டப் பொட்டலம் இருந்தால்? போலீஸாருக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பாதிக்கப்பட்ட நால்வர் தொடுத்த வழக்கில் 2014 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. இந்த விதிப்படி பார்த்தால், விடுமுறைக்கு மோட்டார் வீட்டில் ஊர் சுற்ற வந்தவரும் குற்றவாளியே. ஆனால் பிடிபடுபவர் வீடற்றவர் மட்டுமே என்பதை நீதிபதிகள் கண்டுகொண்டார்கள்.

முன்னே சொன்ன இரு முகங்கள் நினைவிருக்கிறதா? ஒரே வண்டி, ஒரே திரைச்சீலை. புதிய வண்டியில் வந்த விடுமுறைக்காரரிடம் போலீஸ்காரர் வழி சொல்லிவிட்டுப் போகிறார். பழைய வண்டியில் வாழ்பவரிடம் ஏன் இங்கே நிற்கிறாய் என்கிறார்.

சியாட்டில் நகரில் 2016-இல் ஒருவருடைய சிறிய லாரி 72 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றது என்று இழுத்துச் செல்லப்பட்டது. அவர் அதில்தான் வாழ்ந்தார். தொழில் கருவிகளும் அதில்தான் இருந்தன. திருப்பித் தர 557 டாலர் கட்டச் சொன்னார்கள். 2021-இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், ஒருவர் வாழும் வண்டி அம்மாநிலச் சட்டப்படி அவருடைய இல்லமே என்று கூறியது. அவருடைய ஏழ்மையைக் கணக்கில் எடுத்தால் அந்தத் தொகை அளவு மீறிய தண்டனை என்றும் சொன்னது. இது ஒரு மாநிலத்தின் தீர்ப்பு. நாட்டின் உச்ச நீதிமன்றமோ 2024 ஜூனில், ஆரிகன் மாநிலத்து கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில், பொது இடங்களில் முகாமிட்டுத் தங்குவதைத் தண்டிக்கும் நகர விதிகள் கொடிய தண்டனை ஆகமாட்டா என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் முடிவு செய்தது. அந்நகரின் விதியில் 'முகாம்' என்ற சொல்லுக்குள் வண்டியில் தங்குவதும் அடங்கும்.

வாசகர்களே, இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனித்தீர்களா? சோதிக்க வரும்போது சட்டம் அதை வண்டி என்கிறது; வண்டிக்கு வாரண்டு வேண்டாம். துரத்த வரும்போது அதையே வீடு என்கிறது. தெருவில் வீடு கூடாது. இரண்டு பெயர்களிலும் நட்டம் உள்ளே இருப்பவருக்கே. வெனிஸ் பெண்மணியை நிறுத்தியது வண்டி ஓட்டியதற்காக. எச்சரித்தது வீடாக வைத்திருந்ததற்காக.

போதைப்பொருள் கடத்துபவரும் குடித்துவிட்டு ஓட்டுபவரும் தப்பிவிடக் கூடாது என்பதில் ஐயமில்லை. சாலையில் காவல் வேண்டும்; அது எல்லோருடைய உயிருக்கும் காப்பு. ஆனால் 1604-இல் நீதிமன்றம் காத்தது வெறும் செங்கல்லையும் மரக்கதவையுமா? அதற்குள் அச்சமின்றி உறங்கும் மனிதனை அல்லவா? அடுத்த முறை சாலையோரத்தில் திரை போட்ட வேன் ஒன்றைக் கண்டால், அதன் சக்கரத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தத் திரைச்சீலையைப் பாருங்கள். அது வீடா, வண்டியா என்ற கேள்விக்கு நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன விடை எழுதுவீர்கள்?